பிரீ-செட்டில்ட் காலாவதி: வேலை பறிபோகுமா?

வணக்கம் சகோதரி. பிரெஞ்சுக் குடியுரிமையுடன் 2020 அக்டோபரில் லண்டன் வந்து, தாயாரைப் பராமரிக்க இடையில் 14 மாதங்கள் பாரிசில் தங்கியதால் பிரீ-செட்டில்ட் நிலை (பிரெக்சிட்டுக்குப் பின் ஐரோப்பியக் குடிமக்களுக்குப் பிரித்தானியா தந்த தற்காலிக வசிப்புரிமை) காலாவதியாகி வேலை போய்விடுமோ என்று அஞ்சுகிறீர்கள். அவ்வாறு ஆகாது. மறுமுறை விண்ணப்பிக்கவில்லை என்பதற்காக மட்டும் உரிமையைப் பறிப்பது பிரெக்சிட் விலகல் ஒப்பந்தத்துக்கு முரணானது என 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்ததைத் தொடர்ந்து, உள்துறை அமைச்சு இந்நிலையைத் தானாகவே நீட்டித்து வருகிறது. 2024 முதல் அந்நீட்டிப்பு 5 ஆண்டுகள். வேலையில் சேருமுன் உங்கள் வேலை உரிமையை முறையாகச் சரிபார்த்த முதலாளி மீண்டும் கேட்கத் தேவையில்லை.

செட்டில்ட் நிலை எனும் நிரந்தர வசிப்புரிமையைப் பெறுவதில் உண்மையான சிக்கல் அந்த 14 மாதங்கள்தாம். முன்பு, 12 மாதங்களில் 6 மாதங்களுக்கு மேல் வெளியே இருந்தால் பொதுவாக அதற்குத் தேவையான தொடர் வசிப்பு முறிந்துவிடும். இதுவே பலரை வீழ்த்திய விதி. ஆனால் 2025 ஜூலை 16 முதல், கடைசி 60 மாதங்களில் மொத்தம் 30 மாதங்கள் பிரித்தானியாவில் வசித்திருந்தாலே செட்டில்ட் நிலைக்குத் தகுதி உண்டு. ஆகவே நீட்டிப்பை நம்பிக் காத்திராமல் இப்போதே விண்ணப்பியுங்கள், கட்டணம் கிடையாது. வசிப்புக்கு ஆதாரமான வரித்துறைப் பதிவில் இடைவெளி இருந்தால் சம்பளச் சீட்டுகளையும் கவுன்சில் வரி ரசீதுகளையும் இணையுங்கள்.