தேக்கு ஊஞ்சல், ஈட்டி நாற்காலி, நடுவில் சாம்பல் டிவி யூனிட்

வணக்கம்ங்க. பொள்ளாச்சி வீட்டு ஹாலில் பழைய தேக்கு ஊஞ்சல், ஈட்டி (ரோஸ்வுட்) மர நாற்காலிகள், புதிதாகச் செய்த சாம்பல் நிற லேமினேட் டிவி யூனிட். எதுவும் ஒட்டவில்லை, எல்லாவற்றையும் ஒரே கலருக்குக் கொண்டுவரலாம் என்கிறார் ஆசாரி என்று எழுதியிருக்கிறீர்கள்.

வேண்டவே வேண்டாம். வெளிச்சம் பட்டுப்பட்டு ஊஞ்சலில் ஏறியிருக்கும் தேன் நிறத்தை இழைத்துவிட்டால் லேசில் திரும்பாது. தேக்குக்குப் பேர்போன டாப்சிலிப்பைப் பக்கத்து மலையில் வைத்துக்கொண்டு தேக்குக்குச் சாயம் பூசுவதா!

தேக்கில் மஞ்சள் ஓட்டம், ஈட்டியில் சிவப்பு ஓட்டம். இரண்டும் சூடான நிறங்கள், தானாகவே ஒத்துப்போகும். இடறுவது அந்தச் சாம்பல்தான். லேமினேட்டில் பாலிஷ் ஏறாது. கதவுகளை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். தேக்கைவிட நன்றாகவே வெளுத்த, மஞ்சள் சாயல் உள்ள ஓக் நிறம் எடுங்கள். தேக்கு மாதிரியே தெரிகிற லேமினேட் வேண்டாம், பக்கத்தில் அசலை வைத்தால் நகல் பல்லிளிக்கும். கடையில் சாம்பிள் துண்டு வாங்கி வந்து, பகலிலும் ராத்திரி விளக்கிலும் ஊஞ்சலோரம் பிடித்துப் பாருங்கள்.

அப்புறம் பளபளப்பு. ஊஞ்சல் மின்னி, மற்றவை மினுக்கமில்லாத மேட் பூச்சாக இருந்தாலும் ஒட்டாது. பலகையின் அடியில் ஒரு மூலையில் ஸ்பிரிட் தொட்ட பஞ்சை வைத்துப் பாருங்கள். பிசுபிசுத்தால் பழைய அரக்குப் பாலிஷ். அதைச் சுரண்டாமல், மிக நைசான ஸ்டீல் உல்லால் லேசாகத் தேய்த்து மெழுகு பூசினால் போதும், மினுக்கம் அடங்கிவிடும்.

நாற்காலிகளுக்கு அடியில் ஒரு பவானி ஜமுக்காளம் விரியுங்கள். மீதியை டிவி யூனிட் கதவுகளை மாற்றிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.