‘எய்ட்ஸ் நோயாளி’ என்று சொல்வது சரியா?

கேள்வி: என் தம்பிக்கு எச்.ஐ.வி. தொற்று இருப்பது மூன்று ஆண்டுகளுக்கு முன் தெரியவந்தது. மாத்திரைகளைத் தவறாமல் எடுத்துக்கொண்டு நலமாக வேலைக்குப் போய்வருகிறான். ஆனாலும் விவரம் அறிந்த உறவினர்கள் அவனை ‘எய்ட்ஸ் நோயாளி’ என்றே குறிப்பிடுகிறார்கள். அதைக் கேட்டு அவன் ஒடுங்கிப்போகிறான். சொல்லைத் திருத்துவதால் பயன் உண்டா?

பதில்: நிச்சயமாக உண்டு. முதலாவதாக, நீங்கள் தரும் விவரப்படி அந்தச் சொல் மருத்துவ நோக்கிலேயே பிழையானது. எச்.ஐ.வி. என்பது வைரஸ், அது நோய் எதிர்ப்பாற்றலைப் பெரிதும் சிதைத்த பின், நோயை எதிர்க்கும் வெள்ளையணுக்களில் ஒரு வகையான சிடி4 அணுக்கள் ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் 200க்குக் கீழே குறையும்போதோ, குறிப்பிட்ட சில கடும் தொற்றுகள் தாக்கும்போதோதான் அந்த நிலையை எய்ட்ஸ் என்கிறோம். உரிய காலத்தில் சிகிச்சையைத் தொடங்கித் தொடர்பவர்களில் பெரும்பாலோர் அந்த நிலையை எட்டுவதே இல்லை.

இந்த நோய்க்கு இட்ட பெயரே தொடக்கத்தில் தீங்கு செய்தது. 1981இல் அமெரிக்காவில் முதன்முதலாகப் பதிவானவர்கள் தன்பாலீர்ப்புள்ள ஆண்கள் என்பதால், சில ஆய்வாளர்கள் அந்த அடையாளத்தையே நோயின் பெயரில் சேர்த்தார்கள். மற்றவர்களையும் அது தாக்குவது தெரிந்து, 1982 செப்டம்பரில் எய்ட்ஸ் என்ற பெயர் ஏற்கப்பட்டபோதும், யாரோ ஒரு சாராரின் நடத்தைக்குக் கிடைத்த தண்டனை இது என்ற எண்ணம் பழைய பெயரோடு மறையவில்லை. மறு ஆண்டே, அந்த நோயுடன் இருந்த சிலர் டென்வர் நகரில் கூடி, தங்களைப் ‘பலியானவர்கள்’ என்று அழைப்பதைக் கண்டித்தார்கள். ‘நோயாளி’ என்பதுகூட எப்போதாவதுதான் தங்களுக்குப் பொருந்தும் என்றார்கள். ‘எச்.ஐ.வி.யுடன் வாழ்பவர்’ என்று இன்று நாம் சொல்வது அந்த வழியில் வந்ததே.

‘ஆட்கொல்லி நோய்’ என்ற தொடரையும் விட்டுவிடுங்கள். 1996 முதல் கூட்டு மருந்து சிகிச்சை பரவலானபின் அது உண்மைநிலையைச் சொல்வதில்லை. அச்சத்தை மூட்டி, பரிசோதனைக்கு வரவேண்டியவர்களைத் தயங்க வைக்கிறது. இவற்றைவிட நுட்பமாகப் புண்படுத்துவது ‘அப்பாவி’ என்ற சொல் என்பது என் கருத்து. தாயிடமிருந்து தொற்றுப் பெற்ற குழந்தையை இரக்கத்தோடுதான் அப்படி அழைக்கிறோம். ஆனால் அந்த இரக்கத்துக்குள், வேறு வழியில் தொற்றுப் பெற்றவர்கள் குற்றவாளிகள் என்ற தீர்ப்பும் ஒளிந்திருக்கிறது. ‘எப்படி வந்தது?’ என்ற கேள்வியும் பெரும்பாலும் அந்தத் தீர்ப்பைத் தேடித்தான் கேட்கப்படுகிறது.

உறவினர்களிடம் வாதாடுவதைவிட, நீங்களே சரியான சொல்லை இயல்பாகப் பயன்படுத்துவது எளிது. ‘அவனுக்கு எச்.ஐ.வி. இருக்கிறது, மருந்து எடுத்துக்கொள்கிறான்’ என்பதே போதும். பரிசோதனையில் கண்டறிய முடியாத அளவுக்கு வைரஸ் குறைந்து அப்படியே நீடித்தால், உடலுறவு வழியாக அது பிறருக்குப் பரவாது என்பதையும், ஒன்றாக உண்பதாலோ தொடுவதாலோ எந்நிலையிலும் பரவாது என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.

ஆனால் இவற்றுக்கெல்லாம் முன் தம்பியிடம் கேளுங்கள். தன் உடல்நிலையைப் பற்றி யாரிடம், எவ்வளவு, எந்தச் சொற்களில் பேச வேண்டும் என்பதை முடிவுசெய்யும் உரிமை அவருடையது; அந்தப் பேச்சே வேண்டாம் என்று அவர் சொன்னால், உறவினர்களிடம் நீங்கள் கேட்க வேண்டியதும் அதைத்தான்.