கிட்டில் பெயர், மின்னஞ்சல் எல்லாம் கொடுத்தும் கிட்ஹப்பில் புஷ் செய்தால் ‘பெர்மிஷன் டினைட், பப்ளிக்கீ’ என்று வருகிறதே, ஏன்?

யூசர் நேமும் யூசர் இமெயிலும் கமிட்டில் (நீங்கள் சேமிக்கும் மாற்றத்தின் பதிவில்) பதிவதற்கு மட்டும்தான். உங்களை உள்ளே விடலாமா என்று முடிவு செய்ய கிட்ஹப் சர்வர் அவற்றைப் பார்ப்பதே இல்லை. எஸ்எஸ்எச் (சர்வரோடு பாதுகாப்பாக இணையும் முறை) வழியில் அது பார்ப்பது சாவியை மட்டும். உங்கள் கணினி நீட்டிய சாவி எதுவும் எந்தக் கணக்கிலும் சேர்க்கப்படவில்லை என்பதுதான் இந்தப் பிழையின் பொருள்.

(கட்டளைகளை உச்சரிப்பில் தருகிறேன், டைப் செய்யும்போது ஆங்கில எழுத்தில்.)

‘எஸ்எஸ்எச்-கீஜென் -டி ஈடி25519’ என்று கொடுத்தால் ஹோம் ஃபோல்டருக்குள் இருக்கும் டாட் எஸ்எஸ்எச் ஃபோல்டரில் இரண்டு ஃபைல்கள் உருவாகும். டாட் பப் என்று முடிவதன் உள்ளடக்கத்தை மட்டும் கிட்ஹப் செட்டிங்ஸில் ‘எஸ்எஸ்எச் அண்ட் ஜிபிஜி கீஸ்’ பக்கத்தில் ஒட்டுங்கள். அது ஒரே வரி. டெர்மினலிலிருந்து காப்பி செய்யும்போது நடுவில் உடைந்தால் ஏற்காது. மற்ற ஃபைலை யாருக்கும் தராதீர்கள். லினக்ஸிலும் மேக்கிலும் அதன் பெர்மிஷன் 600 ஆக இருக்கட்டும். மற்றவர்களும் படிக்கும்படி இருந்தால் எஸ்எஸ்எச் அந்தச் சாவியைத் தொடாது.

அடுத்து ‘எஸ்எஸ்எச் -டி கிட்@கிட்ஹப்.காம்’, இங்கே டி பெரிய எழுத்து. @ குறிக்கு முன்னால் எப்போதும் ‘கிட்’தான், பலர் தங்கள் கணக்கின் பெயரைப் போட்டுவிட்டுத் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். முதல் முறை சர்வரின் கைரேகையை (அதன் சாவியின் அடையாளக் குறியீட்டை) காட்டி ‘யெஸ்’ கேட்கும். கிட்ஹப் உதவிப் பக்கத்தில் உள்ளதோடு ஒப்பிட்டுவிட்டு ‘யெஸ்’ கொடுங்கள். ‘ஹாய்’ போட்டு ஒரு கணக்கின் பெயர் வந்தால் வேலை முடிந்தது. ஷெல் அக்சஸ் கிடையாது என்று கூடவே வருவது பிழை அல்ல.

அந்தப் பெயரைக் கவனமாகப் படியுங்கள். சொந்தக் கணக்கு, ஆபீஸ் கணக்கு இரண்டும் ஒரே லேப்டாப்பில் இருந்தால் சிக்கல் இங்கேதான். தவறான கணக்கின் சாவி போனால், தனியார் ரெப்போ (கோடு வைத்திருக்கும் களஞ்சியம்) கண்ணெதிரே இருந்தும் ‘ரெப்பாசிட்டரி நாட் ஃபவுண்ட்’ என்று வரும். ஒரே சாவியை இரண்டு கணக்கில் சேர்க்கவும் முடியாது. ‘ஆபீஸ்’ என்ற பெயரில் இரண்டாவது சாவி செய்து ஆபீஸ் கணக்கில் சேர்த்துக்கொண்டு, டாட் எஸ்எஸ்எச் ஃபோல்டரில் ‘கான்ஃபிக்’ என்ற ஃபைலில் இப்படி எழுதுங்கள் (நோட்பேட் பின்னால் டாட் டெக்ஸ்ட் ஒட்டிவிடும், நீக்கிவிடுங்கள்):

ஹோஸ்ட் கிட்ஹப்-ஆபீஸ்
ஹோஸ்ட்நேம் கிட்ஹப்.காம்
யூசர் கிட்
ஐடென்டிட்டிஃபைல் ~/.எஸ்எஸ்எச்/ஆபீஸ்
ஐடென்டிட்டீஸ்ஒன்லி யெஸ்

கடைசி வரியை விட்டுவிட்டால் ஏஜென்ட் (சாவிகளை நினைவில் வைத்திருக்கும் எஸ்எஸ்எச் துணை புரோகிராம்) தன்னிடம் உள்ள சாவிகளையும் சேர்த்து நீட்டும். சர்வர் முதலில் அடையாளம் கண்ட கணக்கிலேயே நுழைத்துவிடும். பிறகு ‘கிட் ரிமோட் செட்-யூஆர்எல்’ கொடுத்து முகவரியில் கிட்ஹப்.காம் இருந்த இடத்தில் கிட்ஹப்-ஆபீஸ் என்று மாற்றுங்கள்.

‘கனெக்‌ஷன் டைம்ட் அவுட்’ என்று வந்தால் சாவியைத் தோண்ட வேண்டாம். நெட்வொர்க்கில் 22ஆம் போர்ட் அடைபட்டிருக்கலாம். கான்ஃபிக் ஃபைலில் ஹோஸ்ட்நேமை எஸ்எஸ்எச்.கிட்ஹப்.காம் ஆக்கி, போர்ட் 443 என்று ஒரு வரி சேருங்கள். சூடோ போட்டு கிட் ஓட்டாதீர்கள், அது ரூட்டின் (நிர்வாகிக் கணக்கின்) சாவியைத் தேடும். எச்டிடிபிஎஸ் முகவரி என்றால் இந்தச் சாவிக் கதையே இல்லை. 2021 ஆகஸ்ட் 13 முதல் அங்கே பாஸ்வேர்டு செல்லாது, டோக்கன் (பாஸ்வேர்டுக்குப் பதில் கிட்ஹப்பில் உருவாக்கும் ரகசியக் குறியீடு) வேண்டும்.

இதற்குப் பிறகும் அடம்பிடித்தால் அதே சோதனைக் கட்டளையில் சிறிய வி சேர்த்து ஓட்டி, ‘ஆஃபரிங் பப்ளிக் கீ’ வரிகளில் எந்த ஃபைல் போகிறது என்று பாருங்கள்.