தவக்காலத்தில் வீட்டை அலங்கரிக்கலாமா? பழைய வீட்டைச் சத்திரம் போல மாற்றுவது எப்படி?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட வரையில்: வேலூருக்கு மருமகளாக வந்திருக்கிறீர்கள். கணவரின் தாத்தா காலத்து வீடு. கூடத்தையும் தாழ்வாரத்தையும் பழைய சத்திரம் மாதிரி, மரத்தூண், ஊஞ்சல், தொங்கும் பித்தளை விளக்கு என்று மாற்றி, உயிர்ப்புத் திருநாளுக்குள் (ஈஸ்டர்) முடித்துவிட ஆசை. மாமியார், ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலத்தில் இதெல்லாம் கூடவே கூடாது என்கிறார்.

திருச்சபைச் சட்டத்தில் வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கக் கூடாது என்று எதுவும் இல்லை. நோன்பு, இறைச்சி தவிர்த்தல், செபம், தருமம் இவைதான் கேட்கப்படுகின்றன. பீடத்தில் பூ வைக்கக் கூடாது என்பது கோவிலுக்கு உள்ள ஒழுங்கு. அதிலும் நான்காம் ஞாயிறுக்கும் பெருவிழாக்களுக்கும் விலக்கு உண்டு. ஆக, சட்டப்படி நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள். ஆனால் மாமியாரிடம் சட்டம் பேசி ஜெயித்தவர் யாரும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

எங்கள் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதன் காலையில் பூசை முடிந்து நெற்றியில் சாம்பலோடு வந்ததும் அம்மா செய்யும் முதல் வேலை, டிவியை ஊதாத் துணியால் மூடுவது. கோவிலில் ஐந்தாம் ஞாயிறு வாக்கில்தான் சுரூபங்களை (சிலைகளை) மூடுவார்கள். எங்கள் வீட்டில் டிவிக்கு முதல் நாளே சிலுவைப்பாதை தொடங்கிவிடும். ஜன்னலில் பூப்போட்ட திரைச்சீலை இறங்கி வெறும் காடாத் துணி ஏறும். ஷோகேஸ் வந்த பிறகு அதில் இருக்கும் பொம்மைகளும் அட்டைப்பெட்டிக்குள் போகும். சின்ன வயதில் எனக்கு இது தண்டனையாகத்தான் பட்டது. இப்போது யோசித்தால், வருஷத்தில் 46 நாள் எங்கள் கூடத்தின் சுவர் எப்படி இருக்கிறது என்று பார்க்க முடிந்தது அந்த ஒரு காலத்தில்தான். (46-ல் ஆறு ஞாயிறுகளைக் கழித்தால் வருவதுதான் தவக்காலத்தின் 40 நாள் கணக்கு.)

அப்படிப் பார்த்த ஒரு தவக்காலத்தில்தான் என் தப்பு வெளியே தெரிந்தது. எங்கள் வீடும் உங்கள் வீட்டைப் போலத்தான்: செங்கல், சுண்ணாம்புக் கலவை, மேலே மெட்ராஸ் டெரஸ், அதாவது மர உத்திரத்தின் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பால் போட்ட தளம். முதல் சம்பள உயர்வு வந்த கையோடு கூடத்துக்குப் புட்டி வைத்து, பளபளவென்று எமல்ஷன் அடித்தேன். கார்த்திகை மழை ஒன்று போயிற்று. தரையிலிருந்து மூன்றடி உயரத்துக்குச் சுவர் முழுக்கக் கொப்புளம். அந்த இடத்தை மறைக்க ஒரு ஷோகேஸ் வாங்கினேன், ஷோகேசை நிரப்பப் பொம்மைகள் வாங்கினேன். அம்மா பொம்மைகளை எடுத்து, ஷோகேசை நகர்த்தியபோது பின்னால் உப்புப் பூத்து, பெயின்ட் அப்பளம் மாதிரி உரிந்து நின்றது.

வந்து பார்த்த வயதான கொத்தனார் சுவரைத் தட்டிக் காது வைத்துக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "சுவருக்கு மூச்சு முட்டுதுப்பா." அவர் சொன்னது வெறும் பேச்சு இல்லை. பழைய சுவர்கள் மண்ணிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தைக் காற்றில் விட்டுவிடும். மேலே பிளாஸ்டிக் தோல் மாதிரி எமல்ஷன் போர்த்தினால் ஈரம் வெளியேற வழியில்லாமல், கரைந்த உப்பையும் இழுத்துக்கொண்டு பெயின்டைத் தள்ளும். எவ்வளவு விலை உயர்ந்த பெயின்டாக இருந்தாலும் இதே கதைதான்.

அதனால் வீட்டை மாற்ற நினைக்கும் உங்களுக்கு என் முதல் யோசனை, தவக்காலத்தில் எதையும் வாங்காதீர்கள், சுரண்டுங்கள். புட்டி, எமல்ஷன், பழைய டிஸ்டெம்பர் எல்லாவற்றையும் சுண்ணாம்புப் பூச்சு தெரியும் வரை எடுக்க வேண்டும். எமல்ஷன் மேல் சுண்ணாம்பு அடித்தால் ஒட்டாது, விரலில் வந்துவிடும். இரண்டு ஆள் வைத்தும் எங்கள் கூடத்துக்கு மட்டும் ஒன்பது நாள் ஆயிற்று. அம்மா இதற்குத் தடை சொல்லவில்லை. "இதைவிட என்ன ஒறுத்தல் வேணும்?" என்று கேட்டுவிட்டு, தூசிக்கு முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டார்.

அப்புறம் சுண்ணாம்பு. சுட்ட கல் சுண்ணாம்பு வாங்கி, இரும்பு டிரம்மில் தண்ணீர் நிரப்பி, சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் போட வேண்டும். சுண்ணாம்பு மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது, தெறிக்கும். கொதிக்கிற கொதியில் பிளாஸ்டிக் வாளி இளகிவிடும். குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம், கண்ணில் பட்டால் ஆபத்து. ஒரு வாரம் ஊறட்டும். பழைய வேட்டியில் வடிகட்டி, கோந்தும் ஒரு சிட்டிகை நீலமும் சேர்த்து, மோர் மாதிரி நீர்க்கக் கரைத்து அடிக்க வேண்டும். முதல் கை அடித்ததும் சுவரில் ஒன்றுமே தெரியாது, ஏமாந்துவிட்டோம் என்று தோன்றும். காயக் காயத்தான் வெளுக்கும். காற்றில் உள்ள கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு சுண்ணாம்பு மறுபடி கல்லாக மாறுகிறது, அதற்கு நேரம் வேண்டும். மூன்று கை போதும்.

நம் ஊருக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. மார்ச் மாதமே வேலூர் வெயில் எப்படி இருக்கும் என்று இந்நேரம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். மத்தியானத்தில் அடித்தால் சுவர் ஒரே நிமிஷத்தில் குடித்துவிடும், சுண்ணாம்பு பொடிப் பொடியாக உதிரும். சுவரை நன்றாக நனைத்துவிட்டு, காலை எட்டு மணிக்குள் அல்லது சாயங்காலம் அடியுங்கள்.

சரி, சத்திரத்துக்கு வருகிறேன். நீங்கள் ஆசைப்படும் அந்தத் தூண், ஊஞ்சல், தொங்கு விளக்கு எல்லாம் செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்து ஹோட்டல்காரர்கள் எடுத்துக்கொண்டது. சத்திரம் வேறு. வாலாஜாவைத் தாண்டி எங்கள் பாட்டி ஊருக்குப் போகும் வழியில் ஒன்று இருந்தது. சாலையைப் பார்த்து நீளமான திண்ணை. செதுக்கல் எதுவும் இல்லாத கருங்கல் தூண்கள். உள்ளே முற்றம், ஒரு பக்கம் அடுப்பு மேடைகள். சுவரில் வரிசையாக விளக்கு மாடங்கள், ஒவ்வொன்றுக்கு மேலும் கரிநாக்கு. வாசலில் மாட்டுக்குக் கல்தொட்டி. கொஞ்சம் தள்ளி, தலைச்சுமையோடு வருகிறவர் குனியாமல் இறக்கி வைக்கத் தோளுயரத்தில் ஒரு சுமைதாங்கிக் கல். கர்ப்பமாக இருக்கும்போதே இறந்துபோன பெண்ணின் நினைவாக அதை நடுவார்கள் என்று பாட்டி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு அந்தக் கல்லைச் சும்மா கடந்து போக முடிந்ததில்லை.

அங்கே அலங்காரம் என்று சொல்ல ஒன்றுமே கிடையாது. வெள்ளைச் சுவர்கூட அழகுக்காக அல்ல. தினம் வேறு வேறு ஆட்கள், அடுப்புப் புகை, விளக்குக் கரி. சுண்ணாம்பு அடித்தால் கரி மறையும், பூச்சி பொட்டு சாகும். பிறகு ரயில் வந்தது. 1856 ஜூலை 1-ஆம் தேதி தென்னிந்தியாவின் முதல் ரயில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரைதான் ஓடியது. மாட்டுவண்டியில் நாள்கணக்கில் போன தூரத்தைச் சில மணி நேரத்தில் கடக்க முடிந்தால் நடுவழியில் படுத்துறங்க யார் வருவார்? நான் பார்த்தபோது அந்தச் சத்திரத்தில் வேர்க்கடலை மூட்டை அடுக்கியிருந்தார்கள்.

ஆனால் சத்திரம் நம் ஊரில் செத்துப்போய்விட்டது என்று நினைக்காதீர்கள். பாபுராவ் தெருவில் ஒரு நடை நடந்து பாருங்கள். சிஎம்சி மருத்துவமனைக்கு வைத்தியத்துக்கு வந்தவர்கள், வங்காளி எழுத்தில் போர்டு, பக்கெட் வாடகைக்கு, ஸ்டவ் வாடகைக்கு, ஜன்னல் கம்பியில் காயும் துண்டு. எனக்கு அதுதான் சத்திரம். அந்த லுக்கை மட்டும் யாரும் காசு கொடுத்து வாங்க மாட்டார்கள்!

நாங்கள் இரவு லேட்டாக வந்தாலோ, சொல்லாமல் நண்பர்களைக் கூட்டி வந்தாலோ அம்மா கேட்பது ஒரே கேள்விதான்: "வூடா இது, சத்திரமா?" வீட்டுக்கு அதைவிடப் பெரிய வசவு கிடையாது. ஆனால் அதே அம்மா, வெயில் ஏறியதும் கேட்டுக்கு வெளியே மண்பானையில் தண்ணீர் வைத்து, ஒரு டம்ளரைச் சங்கிலியால் கட்டிவிடுவார். இதுவரை மூன்று டம்ளர் காணாமல் போயிருக்கிறது, சங்கிலியோடு. சத்திரம் மாதிரி வேண்டும் என்றால் நானும் அங்கேதான் தொடங்குவேன். மரத்தூண் வாங்கும் காசில், இடித்துப்போட்ட திண்ணை இருந்தால் அதைத் திரும்பக் கட்டுங்கள். சுவரில் மாடங்களைச் சிமென்ட் வைத்து அடைத்திருப்பார்கள், தட்டிப் பார்த்தால் சத்தம் மாறும். அதைத் திறந்தால் போதும், விளக்கு தொங்க வேண்டாம்.

மாமியாரிடம் பேச உங்களுக்கு ஒரு விஷயம் தருகிறேன். லூக்கா நற்செய்தியில் சத்திரம் என்று பழைய மொழிபெயர்ப்பில் வரும் இடங்களில் கிரேக்க மூலத்தில் இரண்டு வேறு சொற்கள் இருக்கின்றன. நல்ல சமாரியன் அடிபட்டவனைக் கொண்டுபோய்ச் சேர்த்து, காசு கொடுத்துப் பார்த்துக்கொள்ளச் சொன்ன இடம் 'பண்டோகெயோன்', எல்லாரையும் ஏற்பது என்று பொருள். குழந்தை இயேசு பிறந்தபோது இடமில்லாமல் போனது 'கட்டாலுமா'வில், விருந்தினர் தங்கும் அறை. இந்தக் கட்டாலுமா லூக்காவில் இன்னொரு முறை வருகிறது, ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழனில். கடைசி இரா உணவுக்குச் சீடர்கள் கேட்டுப் போன இடம் அதுதான். அந்த மேல்மாடி அறை வெறுமையாகக் கிடக்கவில்லை, ஏற்கெனவே விரித்து ஒழுங்கு செய்யப்பட்டிருந்தது. பழைய தமிழ் வேதாகமத்தில் கம்பளம் விரித்திருந்ததாகவே இருக்கிறது. முதல் முறை இடமில்லை, கடைசி முறை கம்பளத்தோடு இடம். தவக்காலம் முடிகிற அந்த ராத்திரியில் ஒரு வீடு அலங்கரித்து வைக்கப்பட்டிருந்தது என்று நான் சொன்னபோது அம்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்போ பெரிய வியாழனுக்கு முடிச்சிடு" என்றார்.

அதனால் கணக்கு இப்படி: திருநீற்றுப் புதனிலிருந்து சுரண்டல், சுண்ணாம்பு, காய விடுதல். ஊஞ்சல் கட்டாயம் வேண்டும் என்றால் தச்சரை மார்ச் 19 அன்று வரச் சொல்லுங்கள். சூசையப்பர் திருநாள், அவரும் தச்சர். எங்கள் வீட்டில் கதவு வேலைக்கு அம்மா அனுமதி கொடுத்தது அந்த ஒரு காரணத்துக்காகத்தான். உங்கள் மாமியாரும் மறுக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.