பாதியில் நிற்கும் எக்ஸ்போர்ட்: கேள்வி பதில்

கேள்விகளுக்குள் போவதற்கு முன் ஒரு வேண்டுகோள். எடிட் செய்த வீடியோவை ஒரே கோப்பாக எடுக்கும் எக்ஸ்போர்ட் (ரெண்டர் என்பதும் இதுதான்) நின்றதும் எல்லோரும் பிழைச் செய்தியின் ஸ்கிரீன்ஷாட்டைத்தான் அனுப்புகிறீர்கள். ‘ரெண்டர் தோல்வியடைந்தது’ என்று அதில் இருக்கும். அதுதான் ஏற்கெனவே தெரியுமே! எனக்கு வேண்டியது வேறு: எத்தனையாவது நிமிடத்தில் நின்றது, மறுபடி ஓட்டினால் அதே இடத்தில்தான் நிற்கிறதா, நின்றபோது கோப்பின் அளவு எவ்வளவு. ஒரே இடத்தில் நின்றால் முதலில் அங்கே உள்ள கிளிப்பை, அதாவது வீடியோ துண்டைச் சந்தேகப்படுவேன். ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடம் என்றால் கம்ப்யூட்டரை. முதல் கேள்வியே இதற்கு விதிவிலக்காக வந்திருக்கிறது, பாருங்கள்.

கேள்வி: அண்ணா, அக்கா கல்யாண வீடியோ ஒன்றரை மணி நேரம். ஷாட்கட்டில் எடிட் செய்தேன். பிட்ரேட் (ஒரு நொடி வீடியோவுக்கு ஆகும் தரவு) 12 எம்பிபிஎஸ். எத்தனை தடவை ஓட்டினாலும் 47, 48ஆவது நிமிடத்தில் நின்றுவிடுகிறது. அந்த இடத்தில் தாலி கட்டும் காட்சி, அதை வெட்டவும் முடியாது. டிவியில் போட வேண்டும் என்பதால் நேராகப் பென் டிரைவுக்கே எக்ஸ்போர்ட் கொடுக்கிறேன். புது 32 ஜிபி பென் டிரைவ், முழுக்கக் காலி.

பதில்: தாலி கட்டும் காட்சியை விட்டுவிடுங்கள் தம்பி, அது ஒரு பாவமும் செய்யவில்லை. பென் டிரைவில் உள்ள அரைகுறைக் கோப்பின் அளவைப் பாருங்கள், 4 ஜிபியை ஒட்டி இருக்கும். 32 ஜிபி வரையிலான பென் டிரைவ்கள் பெரும்பாலும் ஃபேட்32 ஃபார்மேட்டில் வருகின்றன. அதில் எவ்வளவு இடம் காலியாக இருந்தாலும், தனி ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. கணக்குப் போட்டாலே தெரியும்: நொடிக்கு 12 மெகாபிட் என்றால் 4 ஜிபி நிரம்ப ஏறத்தாழ 47 நிமிடம். உங்கள் வீடியோ முழுதாக வந்தால் 8 ஜிபியைத் தாண்டும்.

எக்ஸ்போர்ட்டை எப்போதும் கம்ப்யூட்டரின் சொந்த டிஸ்குக்கே கொடுங்கள். பென் டிரைவ் எழுதும் வேகமும் குறைவு, கை பட்டால் கழன்றும் விடும். அப்புறம் காப்பி செய்ய இரண்டு வழி. பென் டிரைவை, இந்த 4 ஜிபி வரம்பு இல்லாத எக்ஸ்ஃபேட்டாக ஃபார்மேட் செய்யலாம், ஆனால் பழைய டிவி சிலவற்றுக்கு அது பிடிபடாது. வீட்டு டிவியில் முதலில் சின்ன கோப்பு ஒன்றைப் போட்டுப் பாருங்கள். டிவி ஒத்துக்கொள்ளவில்லை என்றால் ஃபேட்32-லேயே வைத்துக்கொண்டு பிட்ரேட்டைச் சராசரி ஐந்தரை எம்பிபிஎஸ் ஆக்குங்கள். ஒன்றரை மணி நேரமும் 4 ஜிபிக்குள் அடங்கும். 1080பி கல்யாண வீடியோவுக்கு அது போதும். நடனக் காட்சிகளில் கொஞ்சம் கட்டம் கட்டமாகத் தெரிந்தால், பேசாமல் முகூர்த்தம் வரை ஒன்று, வரவேற்பு ஒன்று என இரண்டு கோப்பாகக் கொடுத்துவிடுங்கள். பார்ப்பவர்களுக்கும் அதுதான் வசதி.

கேள்வி: சார், என் எடிட்டர் டாவின்சி ரிசால்வ். ‘இந்தக் கிளிப்பைக் கையாள முடியவில்லை’ என்று ஒவ்வொரு முறையும் 11ஆவது நிமிடத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. கம்ப்யூட்டர் டிஸ்குக்குத்தான் கொடுக்கிறேன், கோப்பு 1 ஜிபிகூட வரவில்லை. அந்த இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று லேயர் இருக்கிறது. எது குற்றவாளி?

பதில்: ஊகிக்க வேண்டாம், பாதி பாதியாகப் பிரித்துத் தேடுங்கள். 10ஆவது நிமிடம் முதல் 12 வரை மட்டும், தொடக்கத்தில் இன் பாயின்ட், முடிவில் அவுட் பாயின்ட் வைத்து எக்ஸ்போர்ட் கொடுங்கள். நின்றால், மேல் லேயரை அணைத்துவிட்டு மறுபடி. அப்புறம் அடுத்த லேயர். கிளிப் பிடிபட்டதும் அதன் எஃபெக்ட்களை எடுத்துவிட்டு ஒரு தடவை ஓட்டுங்கள். ஓடிவிட்டால் எஃபெக்ட்தான் சிக்கல். ஓடவில்லை என்றால் கோப்பே சரியில்லை. இரண்டு நிமிடத் துண்டு என்பதால் சீக்கிரம் முடிந்துவிடும். முழு வீடியோவையும் திரும்பத் திரும்ப ஓட்டி ராத்திரியைக் கழிக்க வேண்டியதில்லை.

அவரே: பிடித்துவிட்டேன் சார். எஃபெக்ட் இல்லாமலும் நிற்கிறது. மாமா வாட்ஸ்அப்பில் அனுப்பிய கிளிப். ஆனால் தனியாகப் போட்டால் நன்றாக ஓடுகிறதே?

பதில்: பிளேயர் பெருந்தன்மையானது. கெட்டுப்போன ஃப்ரேம் வந்தால் தாண்டிப் போய்விடும். எடிட்டருக்கு ஒவ்வொரு ஃப்ரேமும் கணக்கு. இன்னொன்று, போன் வீடியோக்களில் ஃப்ரேம் ரேட், அதாவது நொடிக்கு எத்தனை ஃப்ரேம் என்பது, நிலையாக இருப்பதில்லை. நொடிக்கு 30 என்று சொல்லிக்கொண்டாலும், வெளிச்சம் குறைந்தால் போன் தானே 24, 20 என்று இறக்கிவிடும். உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம் போவதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம்.

மாமாவின் கிளிப்பை ஹேண்ட்பிரேக்கில் போடுங்கள். இலவச மென்பொருள்தான். வீடியோ பகுதியில் ஃப்ரேம் ரேட்டை உங்கள் டைம்லைனில் (எடிட்டரில் கிளிப்களை வரிசையாக அடுக்கும் பட்டை) உள்ள எண்ணாகவே வைத்து, ‘நிலையான ஃப்ரேம் ரேட்’ என்பதைத் தேர்ந்தெடுத்து, தரத்தை 18 அளவில் வைத்து மாற்றி எடுங்கள். அந்த எண் குறையக் குறையத் தரம் கூடும், கோப்பும் பெருக்கும். அதைக் கொண்டுவந்து பழைய கிளிப் இருந்த இடத்தில் வையுங்கள். அடுத்த வேலையில் போன் வீடியோ எல்லாவற்றையும் எடிட் தொடங்கும் முன்பே இப்படி மாற்றிவிடுவது நல்லது. மாமாவிடம் மூலக் கோப்பை டாக்குமென்ட்டாக அனுப்பச் சொன்னால் இன்னும் தெளிவாக இருக்கும், அது உங்கள் குடும்ப அரசியலைப் பொறுத்தது.

கேள்வி: தம்பி, நான் ஓய்வு பெற்ற ஆசிரியர். எங்கள் மணிவிழாவுக்காக 350 புகைப்படங்களைக் கோர்த்து, பாட்டு வைத்து வீடியோ செய்கிறேன். வீடியோவே இல்லை, வெறும் படங்கள்தான். அதற்கே கம்ப்யூட்டர் உறைந்துபோய் எடிட்டர் மூடிக்கொள்கிறது. படம் ஒவ்வொன்றும் 8 எம்பிதான்.

பதில்: வாழ்த்துகள் ஐயா. அந்த 8 எம்பி என்பது டிஸ்கில் மடித்து வைத்திருக்கும்போது உள்ள அளவு. எடிட்டர் அதை விரிக்க வேண்டும். இப்போதைய போன்களில் 48 மெகாபிக்சலில் எடுத்த படம் 8064க்கு 6048 புள்ளிகள். ஒரு புள்ளிக்கு 4 பைட் என்று வைத்தால் ஒரே படம் நினைவகத்தில் 195 எம்பி பிடிக்கும். ஒன்று மறைந்து இன்னொன்று தோன்றும் இடத்தில் இரண்டு படம் ஒன்றாக விரிந்து நிற்கும். அடுத்து வரும் படங்களையும் எடிட்டர் முன்கூட்டியே எடுத்து வைத்திருந்தால் 8 ஜிபி ராம் தாங்காது. இத்தனைக்கும் நீங்கள் எடுக்கப்போகும் 1080பி வீடியோவின் ஒரு ஃப்ரேமில் மொத்தம் 2 மெகாபிக்சல்தான்!

இர்ஃபான்வியூ என்ற இலவச மென்பொருளில் எல்லாப் படங்களையும் ஒரே மூச்சில் சிறிதாக்கும் வசதி இருக்கிறது. நீள் பக்கத்தை 3840 ஆக்குங்கள். படத்துக்குள் ஜூம் போனாலும் தெளிவு குறையாது. சிறிதாக்கியதை வேறு ஃபோல்டரில் சேமியுங்கள், மூலப் படங்களின் மேல் எழுதிவிடாதீர்கள். கோப்புப் பெயர்கள் மாறாமல் இருந்தால், எடிட்டரில் ஃபோல்டரை மட்டும் மாற்றிக் காட்டினால் போதும், கோர்த்தது கலையாது. பழைய ஆல்பத்தை ஸ்கேன் செய்த படங்களையும் மறக்காமல் பாருங்கள். கடையில் அதிகப் புள்ளிகளோடு ஸ்கேன் செய்திருந்தால் போன் படத்தைவிட அவை பெரிதாக இருக்கும்.

கேள்வி: ப்ரோ, ஒரு தடவை 23 சதவீதம், ஒரு தடவை 61, ஒரு தடவை 40. நிற்கும்போது திரை ஒரு நொடி கறுத்துத் திரும்ப வருகிறது. 4கே டைம்லைன், 2 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டு.

பதில்: திரை கறுத்ததைச் சொன்னதற்கு நன்றி, பாதி வேலை முடிந்தது. கிராஃபிக்ஸ் கார்டு 2 நொடிக்குள் பதில் சொல்லாவிட்டால், அது மாட்டிக்கொண்டது என்று விண்டோஸ் முடிவு செய்து, கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரை மறுபடி தொடங்கும். அந்த நேரத்தில் எக்ஸ்போர்ட் அறுந்துவிடும். 4கே-க்கு 2 ஜிபி மிகக் குறைவு. எக்ஸ்போர்ட் அமைப்பில் ஹார்டுவேர் என்கோடிங் (கிராஃபிக்ஸ் கார்டு செய்வது) என்று இருப்பதை சாஃப்ட்வேர் (பிராசஸர் செய்வது) என்று மாற்றுங்கள். நேரம் கூடும், ஆனால் முடியும். அப்படியும் நின்றால் டைம்லைனையே 1080பி ஆக்குங்கள், எஃபெக்ட்களுக்கு வேண்டிய நினைவகமும் அதோடு குறையும். திரை கறுக்காமல் லேப்டாப்பே பட்டென்று அணைந்தால் அது வேறு கதை: சூடு, அல்லது சார்ஜர். மெத்தை மேல் வைத்து ரெண்டர் ஓட்டாதீர்கள்.

கேள்வி: பொத்தானை அழுத்திய நொடியிலேயே தோல்வி. ஒரு சதவீதம்கூட ஓடவில்லை.

பதில்: கோப்பை எழுதத் தொடங்கவே முடியவில்லை என்று அர்த்தம். கோப்புப் பெயரில் சாய்கோடு, முக்காற்புள்ளி, கேள்விக்குறி இருக்கிறதா? விண்டோஸ் இவற்றை ஏற்காது. ‘பாகம் 1/2’ என்று வைப்பவர்கள் நிறையப் பேர். பெயர் சரி என்றால் விண்டோஸ் செக்யூரிட்டியில், ரான்சம்வேர் பாதுகாப்புக்குள், ஃபோல்டர்களைக் காக்கும் அமைப்பு ஒன்று உண்டு. அது இயக்கத்தில் இருந்தால் அறிமுகமில்லாத மென்பொருளை டாக்குமென்ட்ஸ், வீடியோஸ் ஃபோல்டர்களில் எழுத விடாது. அங்கேயே உங்கள் எடிட்டரை அனுமதிப் பட்டியலில் சேர்க்கலாம். அமைப்பையே அணைக்க வேண்டாம்.

கேள்வி: 92 சதவீதத்தில் கரன்ட் போய்விட்டது. எம்பி4 கோப்பு 6 ஜிபி இருக்கிறது, ஆனால் எதிலும் திறக்கவில்லை. காப்பாற்ற முடியுமா?

பதில்: எம்பி4-இல் எந்த ஃப்ரேம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணையைப் பொதுவாகக் கடைசியில்தான் எழுதுவார்கள். உங்கள் கோப்பில் படமும் ஒலியும் உள்ளே இருக்கும், அட்டவணைதான் இல்லை. மீட்கும் கருவிகள் இருக்கின்றன, ஆனால் புராஜெக்ட் கையில் இருக்கும்போது அதில் மெனக்கெடுவது வீண், மறுபடி ஓட்டுங்கள். கரன்ட் நம்ப முடியாத ஊர் என்றால், எடிட்டர் அனுமதித்தால் எம்கேவி என்ற வேறு கோப்பு வகையாக எடுங்கள். அது பாதியில் அறுந்தாலும் அதுவரை எழுதியது ஓடும். முடிந்தபின் தரம் குறையாமல் எம்பி4-க்கு மாற்றிக்கொள்ளலாம்.

கேள்வி: எடிட் செய்தது 20 நிமிடம். எக்ஸ்போர்ட் மணிக்கணக்கில் ஓடுகிறது. நின்றுவிட்டதா, ஓடுகிறதா என்றே தெரியவில்லை.

பதில்: டைம்லைனை முழுக்கச் சுருக்கி, வலது ஓரத்தைப் பாருங்கள்.

அவரே: 2 மணி 40 நிமிடத்தில் ஒரு சின்ன ஆடியோ துண்டு தனியாகக் கிடக்கிறது!

பதில்: அந்தத் துண்டு வரைக்கும் சேர்த்துத்தான் எக்ஸ்போர்ட் ஓடுகிறது. அதை அழித்துவிட்டு மறுபடி கொடுங்கள்.