சஸ்காச்சுவானில் தொழிற்துறைக் காணி: முற்பணம் அனுப்பமுன் பார்க்கவேண்டியவை

கேள்வி: ஒன்ராறியோவில், பிரம்ரனில் ட்றக் திருத்தும் கராஜ் நடத்துகிறேன். சஸ்காச்சுவானில் ஒரு சிற்றூருக்கு வெளியே, நெடுஞ்சாலைக்குக் கிட்ட, 12 ஏக்கர் வெறுங்காணி 95,000 டொலருக்கு வருகிறது. இப்போது கனோலா விதைத்திருக்கிறார்கள். "இண்டஸ்ட்ரியல் காணி, எல்லா வசதியும் எல்லை வரை வந்திருக்கிறது" என்கிறார் தரகர். இந்தக் கிழமையே 10,000 டொலரைத் தன் கணக்குக்கு அனுப்பினால்தான் காணியைப் பிடித்துவைப்பாராம். பாதிப் பணம் டுபாயில் இருக்கும் மச்சான் போடுகிறார். அனுப்பலாமா?

பதில்: அனுப்பாதீர்கள். முற்பணம் போகவேண்டிய இடங்கள் இரண்டுதான்: பதிவுபெற்ற ரியல் எஸ்டேட் நிறுவனத்தின் ட்ரஸ்ட் கணக்கு (வாடிக்கையாளர் பணத்தைத் தனியாக வைக்கும் கணக்கு), அல்லது சட்டத்தரணியின் ட்ரஸ்ட் கணக்கு. தரகரின் சொந்தக் கணக்குக்குப் போன பணம் திரும்பி வருவது அவருடைய மனதைப் பொறுத்தது. சஸ்காச்சுவான் ரியல் எஸ்டேட் கமிஷனில் அவர் பதிந்திருக்கிறாரா என்று இணையத்திலேயே தேடிப் பார்க்கலாம். ஒன்ராறியோவில் லைசன்ஸ் இருக்கிறது என்று சொன்னால் அது அங்கே செல்லாது.

அடுத்து, காணியின் சட்ட விவரணத்தை எழுத்தில் கேளுங்கள். பிரேரி எனப்படும் மேற்குச் சமவெளிக் காணி பெரும்பாலும் ஒரு மைல் சதுரங்களாக அளக்கப்பட்டது. ஒரு சதுரம் ஒரு செக்‌ஷன், 640 ஏக்கர். அதில் கால்வாசி, 160 ஏக்கர், ஒரு குவாட்டர். உங்களுக்கு வரும் தாளில் லொட், புளொக், பிளான் இலக்கம் மூன்றும் இருந்தால் அந்தத் துண்டு பதிவேட்டில் உண்டு. "வடகிழக்குக் குவாட்டர், இதில் 12 ஏக்கர்" என்று மட்டும் இருந்தால் நீங்கள் வாங்கப்போகும் துண்டு இன்னும் பிறக்கவே இல்லை. கனோலா நிற்கும் காணி என்கிறீர்கள். அநேகமாக இதுதான் நிலைமை.

பிறக்காத துண்டைப் பிறப்பிக்க நில அளவையாளர் வரைபடம் போடவேண்டும், மாகாணத்தின் சமூகத் திட்டமிடல் பிரிவு பிரிப்புக்கு அனுமதி தரவேண்டும், கிராம நகராட்சி, அதாவது ஆர்.எம்., கருத்துச் சொல்லவேண்டும். மாதக்கணக்கில் இழுக்கும். பிரிக்கும்போது வீதி, வடிகால் செலவுக்கு ஆர்.எம். ஓர் ஒப்பந்தம் கேட்கலாம். அந்தச் செலவு பிரிப்பவருடையது. ஆனால் விற்பனை ஒப்பந்தத்தில் ஒரு வரியைச் செருகி அதை வாங்குபவர் தலையில் கட்டிவிடுவார்கள். அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

இதைவிட மோசமான ஒன்று பங்கு விற்பது. பிரிக்காத 160 ஏக்கரில் உங்களுக்கு 12 பங்கு என்று எழுதி, உங்கள் பெயரையும் உறுதியில் ஏற்றுவார்கள். பெயர் இருக்கும், ஆனால் எந்த மூலை உங்களுடையது என்று யாருக்கும் தெரியாது. மற்றப் பங்காளிகளைக் கேட்காமல் ஒரு கம்பம்கூட நட முடியாது. ரொறன்ரோ பக்கத்துக் குடியேறிகளைக் குறிவைத்து, மேற்கு மாகாணக் காணிகளை இப்படித் துண்டுபோடாமலே பலருக்கு விற்கிறார்கள். 'அன்டிவைடட்', அதாவது பிரிக்கப்படாத, என்ற சொல் தாளில் எங்கேயாவது இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

உறுதியை ஐ.எஸ்.சி. என்னும் காணிப் பதிவு நிறுவனத்தில் சிறு கட்டணத்துக்கு எடுத்துப் பார்க்கலாம். மின்கம்பி, எரிவாயுக் குழாய் உரிமைகள் அதில் தெரியும். கனிமங்களுக்கு வேறு உறுதி உண்டு. நீங்கள் வாங்குவது மேற்பரப்பை மட்டும்.

"இண்டஸ்ட்ரியல்" என்ற சொல்லுக்கு வருகிறேன். ஊரின் எதிர்கால நிலப்பயன்பாட்டு வரைபடத்தில் அந்தப் பக்கம் தொழிற்துறை நிறத்தில் இருக்கலாம். தரகர்கள் காட்டுவது அதைத்தான். அது ஆசைப் படம். இன்றைய சட்டம் வலயத் துணைவிதி, அதாவது ஸோனிங் பைலோ. அதில் விவசாயம் என்று இருந்தால் விவசாயம்தான். ஆர்.எம். நிர்வாகிக்கு எழுதி மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள்: இன்றைய வலயம் எது, கனரக வாகனம் திருத்தும் கராஜ் அதில் நேரடியாக அனுமதிக்கப்பட்டதா அல்லது கவுன்சிலின் விருப்பத்துக்கு விட்டதா, வெளியே ட்ரெய்லர் நிறுத்தலாமா. விருப்பத்துக்கு விட்டதென்றால் அயலவருக்கு அறிவித்து, கவுன்சில் கூடி, நிபந்தனை போட்டுத்தான் தருவார்கள். பல ஆர்.எம். அலுவலகங்களில் நிர்வாகி ஒருவரே எல்லா வேலையும் பார்க்கிறார், கவுன்சிலும் பெரும்பாலும் மாதம் ஒருமுறைதான் கூடும். ஒரு எளிய கடிதத்துக்கு ஆறு கிழமை காத்திருக்கவேண்டியிருப்பது நியாயமே இல்லை. ஆனால் அந்தக் கடிதம் இல்லாமல் வாங்குவது அதைவிடப் பிழை.

"எல்லை வரை வசதி" என்றால் ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கேட்கவேண்டும். மின்சாரம்: கிராமத்துக் கம்பி பெரும்பாலும் ஒற்றைப் பேஸ். உங்கள் பெரிய கம்ப்ரெஸருக்கும் ஹொயிஸ்ற்றுக்கும் மூன்று பேஸ் வேண்டியிருக்கும். பக்கத்திலுள்ள மூன்று பேஸ் கம்பி எத்தனை கிலோமீற்றர் தள்ளி இருக்கிறது என்று மாகாண மின்சார நிறுவனமான சஸ்க்பவரிடம் கேட்டு, நீட்டும் செலவை எழுத்தில் வாங்குங்கள். காணியின் விலையையே அது தாண்டலாம். தண்ணீர்: ஊர்க்குழாய் ஊர் எல்லைக்குள் நிற்கும், ஆர்.எம். பக்கத்துக்கு அதை நீட்டவேண்டிய கட்டாயம் ஊருக்கு இல்லை. கழிவுநீர்: ஊரின் கழிவுக் குளத்தில் இடமிருக்கிறதா, எண்ணெய் கலந்த கராஜ் நீரை ஏற்பார்களா? இல்லையென்றால் தொட்டி கட்டி, வண்டி வைத்து இறைக்கவேண்டும். வீதி: வசந்தத்தில் தரை உருகும் கிழமைகளில் எடைக்கட்டுப்பாடு வரும். உங்கள் வாசல் வீதிக்கு அது உண்டா, பாரமேற்றிய ட்றக் ஆண்டு முழுவதும் வரலாமா என்று கேளுங்கள். வர முடியாதென்றால் ஆண்டில் பல கிழமைகள் கராஜ் வெறுமையாகக் கிடக்கும்.

மண்ணையும் கணக்கில் எடுங்கள். பிரேரிக் களிமண் ஈரத்தில் வீங்கும், காய்ந்தால் வெடிக்கும். உறைபனி இரண்டு மீற்றர் அளவுக்கு இறங்கும். சாதாரண அத்திவாரத்தை அது தூக்கிப்போடும். துளையிட்டு இறக்கும் கொங்கிறீற் தூண்கள் தேவைப்படலாம், அதற்கு முதல் மண் பரிசோதனை. ட்றக் நிறுத்த இரண்டு ஏக்கருக்கு 30 சென்ரிமீற்றர் கிறவல் போடுவதென்றால் சுமார் 2,430 கன மீற்றர், ஏறத்தாழ 4,900 தொன். 14 தொன் ஏற்றும் வண்டியில் 350 லோட். கிறவல் குழி எவ்வளவு தூரம் என்பது அப்போது புரியும். பக்கத்தில் பழைய தானியக் களஞ்சியமோ எரிபொருள் சேமிப்போ ரயில்பாதையோ இருந்திருந்தால் காணி மாசுபட்டிருக்கக்கூடுமா என்று பார்க்கும் முதற்கட்டச் சுற்றுச்சூழல் மதிப்பீடு இல்லாமல் வங்கி பெரும்பாலும் கடன் தராது.

இனி உங்கள் மச்சான். இதை நன்றாகக் கேளுங்கள், தரகர் இதைச் சொல்லமாட்டார். சஸ்காச்சுவானில் விவசாயக் காணிக்குத் தனிச் சட்டம் உண்டு. கனடாவுக்கு வெளியே வாழும், கனடியக் குடியுரிமை இல்லாத ஒருவர் மொத்தமாக 10 ஏக்கருக்கு மேல் அங்கே விவசாயக் காணி வைத்திருக்க முடியாது. உங்களுடையது 12 ஏக்கர். "பெயர் உங்களுடையது, பணம் மட்டும் அவருடையது" என்பதும் தப்பும் வழி ஆகாது: விவசாயக் காணி வாங்கும் பணத்தைக் கனடாவில் இயங்கப் பதிந்த நிதி நிறுவனமோ கனடாவில் வசிப்பவரோதான் தரவேண்டும், விவசாயக் காணிப் பாதுகாப்புச் சபை சத்தியக்கடதாசி கேட்கலாம். ஒரு கம்பனி திறந்து இருவரும் பங்கு வைத்தாலும் உண்மையில் யார் கையில் இருக்கிறது என்றுதான் பார்ப்பார்கள். காணி ஊர் அல்லது நகர எல்லைக்குள் இருந்தால் இந்தச் சட்டம் தொடாது. உங்களுடையது வெளியே, கனோலாவோடு நிற்கிறது. அதனால் 'இண்டஸ்ட்ரியல்' என்ற பேச்சு உங்களைக் காப்பாற்றாது. சபையிடம் விலக்குக் கேட்டு விண்ணப்பிக்கலாம், பதில் வரும்வரை மச்சானின் பணத்தை எடுக்காதீர்கள். அவர் கனடியக் குடியுரிமை உள்ளவரென்றால் இந்த 10 ஏக்கர் கட்டுப்பாடு அவருக்கு இல்லை. முதலில் அதைக் கேளுங்கள்.

ஒன்ராறியோபோல் காணி மாற்று வரி அங்கே இல்லை, பதிவுக் கட்டணம் உண்டு. விற்பவர் கம்பனியென்றால் 5 வீதம் ஜி.எஸ்.ரி. என்னும் மத்திய விற்பனை வரி வரும், உங்கள் கராஜ் ஜி.எஸ்.ரி.யில் பதிந்திருந்தால் அதை நீங்களே அறிக்கையில் காட்டிக் கழிக்கலாம். கட்டட ஒப்பந்தத்துக்கு 6 வீத மாகாண வரி உண்டு, அதைக் கழிக்க முடியாது.

சஸ்காச்சுவான் சட்டத்தரணி ஒருவரை வைத்து நிபந்தனையோடு விலை எழுதுங்கள்: பிரிப்பு அனுமதி, வலய மாற்றம், சஸ்க்பவர் விலை, மண் அறிக்கை, காணிச் சபையின் பதில். இவற்றில் எது சரிவராவிட்டாலும் முற்பணம் முழுதும் திரும்பவேண்டும். குறைந்தது 90 நாள் கேளுங்கள். ஏப்ரலில், பனி உருகும்போது, ரப்பர் பூட்ஸ் போட்டுக் காணியை நடந்து பாருங்கள். ஓகஸ்ட் படத்தில் பச்சையாகத் தெரிகிற பள்ளத்தில் அப்போது தண்ணீர் நிற்கும். தென்கிழக்கில் வெள்ளம் வந்த 2011ஆம் ஆண்டின் செய்மதிப் படத்தையும் எடுத்து வைத்து, பள்ளத்தின் எல்லையை ஒப்பிடுங்கள்.