ககேத்தியில் ஒரு நாள்: எந்த மரானிக்குப் போவது?

கேள்வி: செப்டம்பர் கடைசி வாரம் நாங்கள் நான்கு பேர் ஜார்ஜியா போகிறோம். மண்தாழியில் ஒயின் செய்வதைப் பார்க்க ஒரு நாள் ஒதுக்கியிருக்கிறோம். எப்படிப்பட்ட இடத்தைத் தேர்ந்தெடுப்பது? இருவர் சைவம், ஒருவர் மது தொடமாட்டார்.

பதில்: நல்ல சமயத்தில்தான் போகிறீர்கள். ஜார்ஜியாவின் ஒயின் வட்டாரமான ககேத்தியில் ‘ர்த்வெலி’ எனப்படும் திராட்சை அறுவடை செப்டம்பரில் தொடங்கி அக்டோபர் நடுப்பகுதி வரை நடக்கும். குளிர்காலத்தில் போகிறவர்களுக்கு மூடி போட்ட தாழிதான் காட்சி. உங்களுக்கு நுரை கட்டி நொதிக்கிற தாழியே கிடைக்கும். ஆனால் அந்த நாட்களில் ஒயின் செய்யும் வீட்டார் விடியற்காலை முதல் வேலையில் இருப்பார்கள். ஒரு வாரம் முன்பே பேசி நேரம் வாங்கிக்கொள்ளுங்கள். சாப்பாடு சைவம் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

முன்பதிவு செய்யும்போது கேட்க வேண்டியது ஒன்றுதான்: “இந்த ஆண்டு எத்தனை குவெவ்ரியில் ஒயின் போடுகிறீர்கள்?” குவெவ்ரி என்பது அந்த மண்தாழியின் பெயர். முற்றத்தில் வரிசையாக நிற்கும் தாழிகளை மட்டும் காட்டி, எஃகுத் தொட்டியில் செய்த ஒயினை ஊற்றும் இடங்களும் உண்டு. உண்மையான குவெவ்ரி கழுத்துவரை மண்ணுக்குள் இருக்கும். ‘மரானி’ எனப்படும் ஒயின் அறையின் தரையில் வட்ட வாய் மட்டுமே தெரியும். மண் தாழியைச் சுற்றிலும் தாங்குகிறது, சூட்டையும் ஏறவிடாமல் பிடிக்கிறது. யுனெஸ்கோ 2013-இல் பண்பாட்டு மரபாக ஏற்றது இந்த முறையைத்தான்.

ககேத்தி முறையில் சாறோடு தோல், விதை, காம்பு எல்லாமே தாழிக்குள் போகும். இந்தச் சக்கைக்கு ‘சாச்சா’ என்று பெயர். நொதிக்கும்போது பொங்கி வழியும் என்பதால் தாழியை முக்கால் பங்கு அளவுக்குத்தான் நிரப்புவார்கள். மேலே மிதக்கும் சக்கையை நாளுக்கு மூன்று நான்கு முறை நீண்ட கோலால் அமுக்கிவிட வேண்டும். அமுக்காமல் விட்டால் மேல்சக்கை காற்றுப்பட்டுப் புளித்து, தாழி முழுவதும் காடியாகிவிடும். அந்தக் கோலை ஒருமுறை கேட்டு வாங்கி அமுக்கிப் பாருங்கள். முதலில் பாய்போல் கெட்டியாகத் தடுக்கும். பிறகு உடைந்து உஸ்ஸென்று வாயு கிளம்பும்.

அந்த வாயு கரியமிலவாயு. தாழிக்குள் தலையை நீட்டிப் படம் எடுக்கவே கூடாது. காற்றோட்டமில்லாத மரானியில் அது தரையோடு தங்கும். குழந்தைகளைத் தாழி வாயருகே குனியவிடாதீர்கள்.

நொதித்து முடிந்ததும் சக்கை அடியில் இறங்கும். தாழியை விளிம்புவரை நிரப்பி, கல் அல்லது மரப் பலகை வைத்து, ஈரக் களிமண்ணால் பூசி, ஐந்தாறு மாதம் கழித்து வசந்தத்தில் திறப்பார்கள். காலியான தாழியைக் கழுவுவதுதான் இந்தத் தொழிலின் உயிர். செர்ரி மரப்பட்டையை அடுக்கிக் கட்டிய, நீண்ட கைப்பிடியுள்ள தேய்ப்பான் ஒன்று சுவரில் சாய்ந்திருக்கும். அதைக் காட்டச் சொல்லுங்கள். தாழியின் உட்சுவரில் தேன்மெழுகு பூசியிருப்பார்கள். அறையில் திராட்சையும் ஈரமண்ணும் மணந்தால் நல்ல இடம். பூஞ்சை நாற்றமோ காடி நெடியோ அடித்தால் அங்கே பாட்டில் வாங்க வேண்டாம்.

சுவைக்கும்போது ‘ர்கட்ஸிதெலி’யில் தொடங்குங்கள். வெள்ளைத் திராட்சைதான், தோலோடு மாதக்கணக்கில் ஊறியதால் தேன் நிறத்தில் இருக்கும், பால் சேர்க்காத கடுந்தேநீர்போல் துவர்க்கும். அந்தத் துவர்ப்பு குறையல்ல, இந்த முறையின் அடையாளம். அதிகம் குளிரவைத்தால் துவர்ப்பு மட்டுமே நாக்கில் நிற்கும். மரானியின் குளிர்ச்சியே போதும். அடுத்து ‘சபெராவி’: சதையே சிவப்பான திராட்சை, சட்டையில் பட்டால் கறை போகாது. நகப்பூச்சு நீக்கி வாடை அடித்தால் அது கெட்ட ஒயின். தயங்காமல் கிண்ணத்தை வைத்துவிடலாம். சக்கையை வடித்து எடுக்கும் சாராயத்துக்கும் சாச்சா என்றே பெயர். 40 சதவீதத்துக்கு மேல் போகும். வெறும் வயிற்றில் வேண்டாம்.

ஒரு நாளில் இரண்டு மரானி போதும். காலையில் ஒன்று பார்த்துவிட்டு, இரண்டாவதில் மதியச் சாப்பாட்டோடு உட்காருங்கள். மூன்றாவதில் நாக்கு மரத்துப்போகும். தலைநகர் திபிலீசியிலிருந்து ககேத்தியின் ஊர்களான தெலாவிக்கோ சிக்னாகிக்கோ சுமார் இரண்டு மணி நேரம். தெலாவிக்குப் போகும் கொம்போரி மலைப்பாதை அழகு, ஆனால் வளைவு அதிகம். குமட்டல் வருகிறவர் முன்னிருக்கையில் உட்காரட்டும். வண்டியை நீங்களே ஓட்டாமல் நாள்வாடகைக்கு ஓட்டுநரோடு எடுங்கள்.

சுப்ரா எனும் விருந்தில் ‘தமாதா’ எனப்படும் விருந்துத் தலைவர் வாழ்த்துரை சொல்லி முடித்த பிறகே கிண்ணத்தை எடுப்பது மரியாதை. “கௌமார்ஜோஸ்” என்று சேர்ந்து சொல்லி ஒரு வாய் குடித்தால் போதும். சைவத்துக்குக் குறைவில்லை: வால்நட் விழுதில் பிசைந்த கீரை ‘ப்காலி’, சீஸ் வைத்த ‘கச்சாபுரி’, அடுப்புச் சுவரில் ஒட்டிச் சுட்ட ரொட்டி. பீன்ஸ் குழம்பான ‘லோபியோ’வில் மட்டும் இறைச்சி சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள்.

மது தொடாதவருக்கு அன்றே பிழிந்த சாறு கேளுங்கள். அந்தக் கிண்ணத்தோடும் வாழ்த்தில் சேரலாம். நேற்றுப் பிழிந்தது வேண்டாம், நொதிக்கத் தொடங்கியிருக்கும். இனிப்பும் நுரையுமாக ‘மச்சாரி’ என்று தருவது சாறல்ல, பாதி நொதித்த ஒயின்.